கடைக்கார அண்ணன் மேல பழி போடாதீங்க

நீங்க கடைசியா பண்ணின போஸ்டரை முழு சைஸ்ல முதல் தடவையா எப்போ பார்த்தீங்க? லேப்டாப்ல பார்த்ததைக் கேட்கல, அது 15 இஞ்ச் திரை. மூணு அடி உயரத்துல, கண்ணுக்கு நேரா, எப்போ? எனக்கு அது சிம்போசியம் அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு, செமினார் ஹால் வாசல்ல, சுருட்டி வச்சிருந்த ஃப்ளெக்ஸைப் பிரிச்சப்போதான். உங்கள்ல நிறைய பேருக்கும் அதே பதில்தான் இருக்கும். மாசக்கணக்குல உழைச்ச புராஜெக்ட். மத்தவங்க அதை எந்த வடிவத்துல பார்க்கப் போறாங்களோ, அந்த வடிவத்துல நாம முதல்ல பார்க்கிறது நடுவர் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி.

அதுக்கப்புறம் நடக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். லோகோ மேலயும் கீழயும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். கிராஃப்ல இருக்கிற எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். நாம போட்ட நீலம் கத்தரிப்பூ கலர்ல வந்திருக்கும். டீம்ல ஒருத்தர் சொல்லுவார்: "கடைக்காரன் சொதப்பிட்டான் மச்சி." மத்தவங்க தலையாட்டுவோம். விஷயம் முடிஞ்சுது.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராத்தான் இதை எழுதுறேன். பெரும்பாலும் கடைக்காரர் சொதப்பலை. நாம கொடுத்த ஃபைலைத்தான் அவர் அச்சடிச்சார். சில நேரம் நாம கொடுத்த ஃபைலைக் காப்பாத்தக்கூட முயற்சி பண்ணியிருப்பார். அந்த முயற்சியிலதான் எங்க போஸ்டர் மாட்டிக்கிட்டது. அதைச் சொல்லிட்டு மேல போறேன்.

போன வருஷம் எங்க டீம் பண்ணினது ஒரு மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ், எஃப்.ஆர்.4 போர்டு, 1.6 மில்லிமீட்டர் தடிமன், மேல 35 மைக்ரோமீட்டர் தாமிரம், 50 ஓம் ஃபீட் லைன். ஈ.சி.இ. பசங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். மத்த டிபார்ட்மென்ட் நண்பர்கள் இந்த ரெண்டு எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க: 50 ஓம், 35 மைக்ரோமீட்டர்.

போஸ்டரை பவர்பாயின்ட்ல பண்ணினோம். ஸ்பெசிஃபிகேஷன் டேபிளை சீனியர் ஒருத்தர் கொடுத்த பழைய ஃபைல்ல இருந்து அப்படியே காப்பி பண்ணினோம். முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபைலை வாட்ஸாப்ல கடைக்கு அனுப்பினோம். நாங்க போட்டிருந்த ஃபான்ட் அவர் கம்ப்யூட்டர்ல இல்லை. அதனால எழுத்தெல்லாம் பெட்டியைத் தாண்டி வழிஞ்சிருக்கு. அந்த அண்ணன் எங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கார். ஹாஸ்டல்ல யாரும் எடுக்கலை. மறுநாள் காலைல வேணும்னு சொல்லியிருக்காங்களே, சரி நாமளே சரி பண்ணிடுவோம்னு எல்லா எழுத்தையும் செலக்ட் பண்ணி அவர்கிட்ட இருந்த ஒரு பொது ஃபான்டுக்கு மாத்தி, அழகா பெட்டிக்குள்ள அடக்கி, ராத்திரி பதினொன்றரைக்கு அச்சடிச்சு வச்சிட்டார்.

காலைல பிரிச்சுப் பார்த்தப்போ எல்லாம் சுத்தமாத்தான் இருந்தது. நாங்க யாரும் ஒண்ணும் கவனிக்கலை. வெளியில இருந்து வந்திருந்த நடுவர்தான் டேபிள் பக்கத்துல நின்னு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் படிச்சார். "1.6 மில்லிமீட்டர் போர்டு மேல 35 மில்லிமீட்டர் தாமிரமா? இது ஆன்டெனாவா, அண்டாவா?" கீழ் வரியில ஃபீட் லைன் 50 வாட்னு இருந்தது. பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. எங்க டீம்மேட் ஒருத்தி, சிமுலேஷன் முழுக்க அவதான் பண்ணினா, சிரிக்கவும் முடியாம பதில் சொல்லவும் முடியாம நின்னா. அந்த டேபிளை அவ டைப் பண்ணலை. ஆனா கேள்வி அவகிட்டதான் வந்தது.

என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. விண்டோஸ்ல சிம்பல்னு ஒரு பழைய ஃபான்ட் இருக்கு. அதுல சின்ன எம் எழுத்தை அடிச்சா மைக்ரோவுக்கான மியூ மாதிரி தெரியும். பெரிய டபிள்யூவை அடிச்சா ஓம் குறி, அந்தக் குதிரை லாடம், தெரியும். கவனிங்க, தெரியும்னுதான் சொல்றேன். உள்ள சேமிச்சிருக்கிறது வெறும் எம், வெறும் டபிள்யூ. ஃபான்டை மாத்தின உடனே வேஷம் கலைஞ்சுடும். மைக்ரோமீட்டர் மில்லிமீட்டர் ஆகிடும், ஓம் வாட் ஆகிடும். ஆயிரம் மடங்கு தப்பு, ஒரு கிளிக்ல. இதுல கொடுமை, எழுத்து உடைஞ்சு கட்டம் கட்டமா வந்திருந்தா அண்ணனே கவனிச்சிருப்பார். ஆனா 35 மில்லிமீட்டர்ங்கிறது பார்க்கிறதுக்கு ரொம்பச் சரியான எழுத்து. அச்சுக்கடைக்காரருக்கு அது தப்புன்னு தெரிஞ்சிருக்கணும்னு நாம எதிர்பார்க்க முடியுமா? தெரிஞ்சிருக்க வேண்டியது நமக்கு.

இதுக்குத் தீர்வு சின்னது. யூனிகோட்ல மைக்ரோவுக்கும் ஓமுக்கும் டிகிரிக்கும் தனித்தனி எழுத்து இருக்கு. அதைப் போட்டா எந்த ஃபான்டுக்கு மாத்தினாலும் எழுத்து மாறாது. அதிகபட்சம் அந்த ஃபான்ட்ல அது இல்லைன்னா கட்டமா வரும், கட்டம் கண்ணுல படும். சீனியர் கொடுத்த டேபிளைக் காப்பி பண்ணும்போது ஒவ்வொரு குறியையும் செலக்ட் பண்ணி மேல ஃபான்ட் பெயர் என்னன்னு பாருங்க. சிம்பல்னு வந்தா அழிச்சுட்டு ஒழுங்கா மறுபடி போடுங்க. ரெண்டாவது, பவர்பாயின்ட் ஃபைலைக் கடைக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க. பி.டி.எஃப். கொடுங்க. பி.டி.எஃப்.ல ஃபான்ட் ஃபைலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். அடோபி ரீடர்ல ஃபைலோட புராப்பர்ட்டீஸ்ல ஃபான்ட்ஸ்னு ஒரு டேப் இருக்கு. அங்க ஒவ்வொரு ஃபான்ட் பக்கத்துலயும் எம்பெடட்னு இருக்கான்னு பாருங்க. பத்து நொடி வேலை.

"கன்டென்ட்தான் முக்கியம், மத்ததெல்லாம் மேக்கப்"னு சில பேர் சொல்லுவாங்க. எங்க கிளாஸ்லயே நிறைய பேர் இருக்காங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். 35 மில்லிமீட்டர் மேக்கப் இல்லீங்க. அது கன்டென்ட். ஃபைல் கெட்டா கன்டென்ட் கெடும். மல்டிமீட்டரைக் காலிபரேட் பண்ணாம ரீடிங் எடுத்தா லேப்ல விடுவாங்களா? போஸ்டர் ஃபைலும் அதே மாதிரி ஒரு கருவிதான்.

சரி, அளவுக்கு வருவோம். நம்ம சர்க்குலர்ல எப்பவும் வர்ற வரி "போஸ்டர் சார்ட் சைஸில் இருக்க வேண்டும்." சார்ட் சைஸ்னா என்ன? கடைக்காரர் அடியில யோசிப்பார்: ரெண்டுக்கு மூணு, மூணுக்கு நாலு. ரேட்டும் சதுர அடிக் கணக்குதான். இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்னா ஏ0, ஏ1னு கேட்பாங்க. ஏ0ன்னா 841க்கு 1189 மில்லிமீட்டர், சரியா ஒரு சதுர மீட்டர் பரப்பு. அதைப் பாதியா மடிச்சா ஏ1, 594க்கு 841. எத்தனை தடவை மடிச்சாலும் நீள அகல விகிதம் மாறாது, எப்பவும் ஒண்ணுக்கு ரூட் 2. ரொம்ப அழகான கணக்கு. ஆனா நம்ம ஊர் அடிக் கணக்கோட அது ஒட்டாது. ரெண்டுக்கு மூணு அடியோட விகிதம் 1.5. ஏ1ல பண்ணின போஸ்டரை ரெண்டடி அகலத்துக்குப் பொருத்தினா உயரத்துல ரெண்டு இஞ்ச் காலியா நிக்கும். காலியா விட்டா "ஏன் அண்ணா இங்க வெள்ளையா இருக்கு"ன்னு கேட்போம். அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் அவர் இழுத்துவிடுறார். ஏறக்குறைய ஆறு சதவீதம் நீளும், அவ்வளவா தெரியாது.

பவர்பாயின்ட் திறந்ததும் வர்ற ஸ்லைடையே போஸ்டரா வச்சுக்கிறவங்க கதைதான் பெரிய கதை. அது 13.33க்கு 7.5 இஞ்ச், அதாவது 16க்கு 9. அதை நாலடிக்கு மூணடி ஃப்ளெக்ஸ்ல இழுத்தா உயரம் மூணுல ஒரு பங்கு கூடிடும். வட்டமெல்லாம் முட்டையாகும். நம்ம கல்லூரி போஸ்டர்கள்ல மேல மூலையில நிறுவனர் ஐயா படம் கட்டாயம் இருக்கணும் இல்லையா, அவர் முகம் சுரைக்காய் மாதிரி நீண்டு நிக்கும். ஒரு தடவை கரஸ்பாண்டன்ட் நேர்ல வந்து அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனார். அந்த அமைதி இன்னும் எங்க டிபார்ட்மென்ட்ல எதிரொலிக்குது.

அதனால முதல் எழுத்தை டைப் பண்றதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு போன் போடுங்க. "அண்ணா, என்ன சைஸ்ல அடிப்பீங்க, ஓரத்துல எவ்வளவு விடணும்?" இவ்வளவுதான் கேள்வி. ரீப்பர் கட்டை அடிக்கிறதா இருந்தா மேலயும் கீழயும் மடிப்புக்கு இடம் வேணும். ஓட்டை போட்டு ரிங் அடிக்கிறதா இருந்தா நாலு மூலையிலயும் எழுத்து இருக்கக்கூடாது. அவர் சொல்ற அளவை டிசைன் டேபுல ஸ்லைடு சைஸ், கஸ்டம்ல போய்ப் போடுங்க. பவர்பாயின்ட் 56 இஞ்ச் வரைக்கும் தாங்கும், ஏ0 தாராளமா அடங்கும். இதை முதல்லயே பண்ணணும். எல்லாம் முடிச்சுட்டு சைஸை மாத்தினா பெட்டியும் அம்புக்குறியும் எங்கெங்கயோ ஓடிடும்.

படங்கள். இங்கதான் நாம பண்ற பெரிய அட்டகாசம் இருக்கு. ஹெச்.எஃப்.எஸ்.எஸ்.ல எஸ்11 கிராஃப் வருது. உடனே ஸ்க்ரீன்ஷாட். நம்ம லேப்டாப் 1366க்கு 768. கிராஃபை மட்டும் வெட்டி எடுத்தா 600 பிக்சல் அகலம் தேறும். அதைப் போஸ்டர்ல பத்து இஞ்ச்சுக்கு விரிச்சா இஞ்ச்சுக்கு 60 பிக்சல். பக்கத்துல நின்னு படிக்கிற போஸ்டருக்கு 150ஆவது இருக்கணும். 60ல கோடு படிக்கட்டு மாதிரி தெரியும், அச்சுல இருக்கிற எண் கரைஞ்சுடும். எஸ்11ல மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழ போச்சா இல்லையாங்கிறதுதானே மொத்தக் கேள்வியே? அந்த மைனஸ் குறியே தெரியலைன்னா நடுவர் எதை வச்சு மார்க் போடுவார்?

அதுக்கு மேல வாட்ஸாப். போட்டோவா அனுப்பின படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும். சாதாரணமா அனுப்பினா நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கிடும். மொத்தப் போஸ்டரையும் ஒரே படமா வாட்ஸாப்ல அனுப்பினவங்க இருக்காங்க. மூணு அடிக்கு 1600 பிக்சல்னா இஞ்ச்சுக்கு 44. ரோட்டோரக் கட்சி பேனருக்கு அது ஓடும், ஏன்னா அதை முப்பதடி தள்ளி பஸ்ல இருந்து பார்க்கிறோம். நம்ம போஸ்டரை ஒரு முழம் தள்ளி நின்னு பார்க்கிறாங்க. வாட்ஸாப்தான் வழின்னா டாக்குமென்டா அனுப்புங்க, சுருங்காது. இல்லைன்னா டிரைவ் லிங்க். பென் டிரைவ்ல கொண்டு போறவங்க அதுல வேற எதுவும் இல்லாத டிரைவா எடுத்துட்டுப் போங்க. திரும்பி வரும்போது எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறியிருக்கிற அனுபவம் எனக்கு இருக்கு, அதுல ரெண்டு செமஸ்டர் நோட்ஸ் இருந்தது. கடை கம்ப்யூட்டர்ல மெயிலைத் திறந்தா சைன் அவுட் பண்ணிட்டு வாங்க. இது போஸ்டருக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிடுறேன்.

கிராஃபுக்குச் சரியான வழி ஸ்க்ரீன்ஷாட்டே இல்லை. எந்த சாஃப்ட்வேர்லயும் டேட்டாவை சி.எஸ்.வி.யா எக்ஸ்போர்ட் பண்ணலாம். அதை மேட்லேப்லயோ பைத்தான்லயோ நீங்களே வரைஞ்சு பி.டி.எஃப். அல்லது எஸ்.வி.ஜி.யா சேமிங்க. இது வெக்டார். புள்ளிகளா இல்லாம கோடுகளோட கணக்காவே சேமிக்கும். பத்தடிக்கு விரிச்சாலும் கூர்மை குறையாது. எழுத்தோட அளவையும் கோட்டோட தடிமனையும் நீங்களே வச்சுக்கலாம். மேட்லேப் ஃபிகர்ல இருக்கிற எழுத்து போஸ்டருக்குப் பத்தவே பத்தாது, கூட்டுங்க. போட்டோ, ஃபேப்ரிகேட் பண்ணின போர்டு, லேப் செட்டப், இதுக்கெல்லாம் வெக்டார் கிடையாது. போன் கேமரா ஒரிஜினல் ஃபைலை அப்படியே போடுங்க. அதுலயும் ஒரு குழி இருக்கு: பவர்பாயின்ட் சேமிக்கும்போது தானாவே படத்தைச் சுருக்கும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுல போய் படத்தைச் சுருக்காதேங்கிற டிக்கை முதல்லயே போட்டுடுங்க. சேமிச்ச பிறகு போட்டா போன தரம் திரும்பி வராது.

கலரைப் பத்தி நிறைய எழுதலாம், நான் கொஞ்சமாத்தான் எழுதப் போறேன். திரை வெளிச்சத்துல கலர் காட்டுது. மெஷின் சியான், மெஜன்டா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மையைத் தெளிச்சுக் காட்டுது. திரையில பளிச்சுன்னு தெரியுற சுத்த நீலமும் நியான் பச்சையும் அந்த மைக்கு எட்டாது. நீலம் கத்தரிப்பூ ஆகுறதும் பச்சை மங்குறதும் இதனாலதான், அண்ணன் மை கலக்கி ஏமாத்தலை. பவர்பாயின்ட்ல இதுக்கு அமைப்பே கிடையாது. கேன்வால இருக்கு, ஆனா காசு கட்டணும். இலவசமா வேணும்னா ஸ்க்ரைபஸ் இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா அடர் நீலம், அடர் சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் பின்னணி, இதோட நில்லுங்க. கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து திரையில ஸ்டைலா இருக்கும். அச்சுல மை குடிக்கும், ஃப்ளெக்ஸை ஒரு தடவை மடிச்சா வெள்ளைக் கோடு விழும், டியூப் லைட் வெளிச்சத்துல பளபளன்னு கண்ணைக் குத்தும்.

இந்தப் பத்திரிகையில எழுதுறதால எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் அடுத்தது. தமிழ்.

போன தடவை மன்றத்து ஆளுங்க ஒரு நல்ல யோசனை சொன்னாங்க: ஒவ்வொரு போஸ்டர்லயும் தலைப்பையும் ரெண்டு வரிச் சுருக்கத்தையும் தமிழ்லயும் போடலாம்னு. பார்க்க வர்றவங்கள்ல பெற்றோர் இருக்காங்க, பக்கத்து ஸ்கூல் பசங்க இருக்காங்க. ஏழு டீம் ஒத்துக்கிட்டோம். கடைசியில தமிழோட வந்தது ரெண்டே ரெண்டு போஸ்டர். மத்தவங்களைக் கேட்டா ஒரே பதில்: "கடையில தமிழ் உடைஞ்சுடுச்சு, தூக்கிட்டோம்."

ஏன் உடையுது? நம்ம "கொ"வை எடுத்துக்குங்க. யூனிகோட்ல முதல்ல க, அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியை ரெண்டா பிரிச்சு, கொம்பைக் கவுக்கு முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. பழைய கோரல்டிராவுக்கும் பேஜ்மேக்கருக்கும் அந்த வேலை தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம்னு கொட்டிவிடும். அப்போ அச்சுக்கடைகள் இத்தனை வருஷமா தமிழ்ல எப்படி அடிச்சாங்க? பாமினி மாதிரி ஃபான்டை வச்சு. அது நம்ம சிம்பல் ஃபான்ட் மாதிரிதான், உள்ள இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் வேஷம். அதுல கொம்பைத் தனியா முன்னாடியே அடிச்சுடுவாங்க, சாஃப்ட்வேர் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா, எல்லாம் அப்படித்தான் ஓடுச்சு, இன்னும் பல கடையில ஓடுது. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடை ஏத்துக்கிட்டது. ஆனா கடையில இருக்கிற கம்ப்யூட்டருக்கு அரசாணை போய்ச் சேர்றது வேற கதை.

அதுக்காகத் தமிழைத் தூக்கணுமா? நான் இதை ஒத்துக்க மாட்டேன். அஞ்சு நிமிஷ வேலை அது. இங்க்ஸ்கேப் இலவசம். அதுல தமிழ்த் தலைப்பை நல்ல யூனிகோட் ஃபான்ட்ல அடிங்க. செலக்ட் பண்ணி பாத் மெனுல ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்க. இப்போ அது எழுத்து இல்லை, படம். எந்தப் பழைய கோரல்ல திறந்தாலும் உடையாது. கடைக்காரங்க இதை "கர்வ்ஸ் பண்ணிக் கொடுங்க"ன்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தையைத் தெரிஞ்சு வச்சுக்குங்க. ஒரே எச்சரிக்கை: மாத்தினதுக்கப்புறம் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய ஃபைலைத் தனியா வச்சுக்கிட்டு காப்பியில பண்ணுங்க. ல, ள, ழ பார்த்துக்குங்க. மூணடியில "ஆய்வு" "ஆய்வூ"வா தொங்குறதைப் பார்த்திருக்கேன்.

முழு போஸ்டரும் தயார்னா அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் பண்ணினாலே மேல சொன்னதுல முக்கால்வாசி தப்பு மாட்டிக்கும். அந்த பி.டி.எஃப்.ஐ ஜெராக்ஸ் கடையில ஏ4 தாள்ல கலர் பிரின்ட் எடுங்க. ஏ0 ஏ4ஆ சுருங்கும்போது சரியா கால் பங்கு ஆகும். 24 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகும். கையில வச்சு அதைப் படிக்க முடிஞ்சா போஸ்டரை நின்னு படிக்க முடியும். படிக்க முடியலைன்னா எழுத்தைக் குறைக்காதீங்க, வாக்கியத்தைக் குறைங்க. கிராஃப் மங்கலா, சோதிக்க திரையில 100 சதவீத ஜூம் வச்சுப் பாருங்க. க்யூ.ஆர். கோடை அந்த ஏ4லயே போனால ஸ்கேன் பண்ணுங்க. முக்கியமா, அந்தத் தாளை உங்க டீம்ல இல்லாத ஒருத்தர்கிட்ட கொடுத்து எண்களை மட்டும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. "50 வாட்"னு அவர் வாயில வந்தா அப்போ உங்க காதுல விழும். கண்ணுல படாதது காதுல விழும்.

இதுக்கெல்லாம் ஒரு நாள் வேணும். அங்கதான் நான் பசங்களை விட்டுட்டு டிபார்ட்மென்ட் பக்கம் திரும்புறேன்.

புதன்கிழமை சர்க்குலர், வெள்ளிக்கிழமை போஸ்டர்னா யார் ஏ4 எடுத்துப் பார்ப்பாங்க? வியாழக்கிழமை ராத்திரி ஊர்ல இருக்கிற ரெண்டு ஃப்ளெக்ஸ் கடையில முப்பது டீம் வரிசையில நிக்குது. அந்த அண்ணன் பதினொரு மணிக்கு எங்க ஃபான்டை மாத்தினார்னா அதுக்கு அந்த வரிசையும் ஒரு காரணம். சர்க்குலர்ல மில்லிமீட்டர்ல அளவு போடுங்க, நிக்கிற வாக்கா படுக்கிற வாக்கான்னு போடுங்க. பி.டி.எஃப்.ஐ மூணு நாள் முன்னாடி ஒரு ஃபோல்டர்ல போடச் சொல்லுங்க. கடைக்கு மொத்தமா ஒரே தடவையில போகட்டும். மொத்தமா கொடுத்தா ரேட்டும் குறையும். இப்போ ஒவ்வொரு டீமும் சொந்தக் காசுல அடிக்குது. தப்பா வந்தா ரெண்டாவது தடவை அடிக்கக் காசில்லாம மார்க்கர் பேனாவால திருத்தி மாட்டுற டீமும் இருக்கு. அதைப் பார்த்து "பிரசன்டேஷன் நீட்டா இல்லை"ன்னு மார்க் குறைக்கிறதுல என்ன நியாயம் இருக்கு?

தலைப்புப் பட்டையைப் பத்தியும் சொல்லணும். கல்லூரி லோகோ, ட்ரஸ்ட் லோகோ, அங்கீகார முத்திரைகள், நிறுவனர் படம், டிபார்ட்மென்ட் விஷன்னு மேல எட்டு இஞ்ச் போயிடுது. மூணு அடியில எட்டு இஞ்ச்! மிச்ச இடத்துல இன்ட்ரொடக்ஷன்ல இருந்து ரெஃபரன்ஸ் வரைக்கும் அடக்கணும். 2019ல அமெரிக்காவுல மைக் மாரிசன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் ஒரு வீடியோ போட்டார். போஸ்டர் நடுவுல கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமா பெரிசா போடுங்க, மத்ததெல்லாம் ஓரத்துல சின்னதா இருக்கட்டும்னார். உலகம் முழுக்க விவாதம் ஆச்சு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை, நம்ம நடுவர்கள் கிராஃபைத்தான் முதல்ல தேடுறாங்க. ஆனா லோகோவை விடக் கண்டுபிடிப்பு பெரிசா இருக்கணும்ங்கிற அளவுக்காவது நாம வரலாமே.

கடைசியா ஃப்ளெக்ஸ். அது பி.வி.சி. பிளாஸ்டிக். ஒரு நாள் மாட்டுறோம், அப்புறம் என்ன ஆகுது? போன வருஷ போஸ்டர்கள்ல பாதி இப்போ ஹாஸ்டல் மெஸ் பின்னாடி விறகுக்கு மேல மழைக்குப் போர்த்தியிருக்கு. எங்களோடதும் அங்கதான், 35 மில்லிமீட்டர் தாமிரத்தோட. ஹால் உள்ள மாட்டுற போஸ்டருக்கு வெயில் மழை தாங்குற ஃப்ளெக்ஸ் எதுக்கு? தடிமனான தாள் போதும். அதுல எழுத்தும் இன்னும் கூர்மையா விழும். விலை கொஞ்சம் கூடலாம், மொத்தமா அடிச்சா சமாளிக்கலாம்.

அந்தக் கடைக்கு நான் அப்புறம் ஒரு தடவை போனேன், அண்ணன்கிட்ட நடந்ததைச் சொல்ல. சண்டை போட வந்திருக்கேன்னு நினைச்சு முகம் மாறிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, டபிள்யூ எப்படி ஓமா மாறுதுன்னு தானே நாலு தடவை மாத்தி மாத்திப் பார்த்தார். "காலேஜ் புள்ளைங்க ஃபைல்ல இந்த மாதிரி இருந்தா இனிமே போன் பண்ணாம தொட மாட்டேன் தம்பி, ஆனா நீங்க போனை எடுக்கணும்"னார்.

இந்த வருஷ சிம்போசியம் சர்க்குலர் அடுத்த வாரம் வருது. அதுல மறுபடியும் "சார்ட் சைஸ்"னு இருந்தா மில்லிமீட்டர் அளவும் மூணு நாள் அவகாசமும் கேட்டு ஒரு கடிதம் எழுதி ஹெச்.ஓ.டி. ரூமுக்கு எடுத்துட்டுப் போறதா இருக்கேன். கையெழுத்துப் போட வர்றவங்க புதன்கிழமை மதியம் லஞ்ச் டைம்ல ஆன்டெனா லேப் வாசலுக்கு வாங்க. பேனாவை நீங்களே கொண்டு வந்துடுங்க.